கரை சேரும் வரை

கப்பலைக் கடலில் மிதக்கும் ஊர் என்று சொல்வதுண்டு. இன்றைய சொகுசுக் கப்பல்களைக் கண்டவர்க்கு அது மிகையாகத் தோன்றாது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமி துறைமுகத்திலிருந்து முதற்பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் த சீஸ்' என்னும் கப்பலில் 7,600 பயணிகள் வரை தங்கலாம். அவர்களுக்காகப் பணிபுரிவோர் 2,350 பேர். ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் வாழும் பேரூராட்சிகள் நம் மாவட்டங்களில் பல உள்ளன. அத்தகைய ஊரில் நள்ளிரவில் ஒரு முதியவருக்கு நெஞ்சு வலித்தால் 108 என்னும் எண்ணை அழைக்கிறோம். அவசர ஊர்தி வந்து அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறது. கடலில் மிதக்கும் ஊருக்கு அந்தச் சாலை இல்லை. அடுத்த மருத்துவமனை அடுத்த துறைமுகத்தில் இருக்கிறது. அதுவரை கப்பலின் கீழ்த்தளத்தில் உள்ள சில அறைகளும், அங்குப் பணிபுரியும் மருத்துவரும் செவிலியருமே துணை.

அந்த அறைகளைப் பற்றி அறியவேண்டிய தேவை, என் அப்பாவின் கடற்பயணத்தை முன்னிட்டு எனக்கு ஏற்பட்டது.

முதுமை விரும்பும் பயணம்

சிங்கப்பூரில் பணிபுரியும் என் தம்பி, 2023ஆம் ஆண்டில் அப்பாவையும் என்னையும் அங்கு அழைத்தான். சிங்கப்பூரில் கப்பலேறிப் பினாங்கையும் தாய்லாந்தின் புக்கெட்டையும் கண்டு மீள்வது அவனுடைய திட்டம். நான்கு இரவுகள் கடலில் கழியும். அப்பாவுக்கு அப்போது வயது 79. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இதயக் குழாயில் 'ஸ்டென்ட்' பொருத்தியிருந்தார்கள்.

"இந்த வயதில் கடலா? நடுக்கடலில் நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவது?" என்று அக்கா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. "திண்ணையில் உட்கார்ந்திருந்தால் வலிக்காது என்று யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?" என்றார் அப்பா. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

கடல் அப்பாவுக்குப் புதிதன்று. 1926 முதல் 1973 வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், தமிழகக் கரையையும் மலேயா, சிங்கப்பூர் துறைமுகங்களையும் இணைத்த கப்பல் 'ரஜுலா'. பினாங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்த தாத்தாவிடம் செல்வதற்காக, 1954இல் பத்து வயதுச் சிறுவனாக நாகப்பட்டினத்தில் அந்தக் கப்பலில் ஏறியவர் அவர். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்ததையும், அலையில் தலைசுற்றிக் கிடந்த பாட்டிக்கு எலுமிச்சம்பழம் நுகரக் கொடுத்ததையும் இன்றும் சொல்வார். அந்தப் பினாங்கை மீண்டும் ஒருமுறை கடல்வழியே காணவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம்.

உலகெங்கும் முதியவர்கள் கப்பற்பயணத்தை விரும்பக் காரணங்கள் உண்டு. பெட்டியை ஒருமுறை திறந்து வைத்தால் போதும். ஊருக்கு ஊர் சுமந்து திரியவேண்டியதில்லை. உறங்கி எழுந்தால் அடுத்த நகரம் வந்திருக்கும். சக்கர நாற்காலியில் செல்வோர்க்கு மின்தூக்கிகளும் அகன்ற வாயில்களும் உள்ளன. தொலைதூரச் சுற்றுலாவுக்கு உடல் இடங்கொடாதவர்க்கும் இது கைகூடுகிறது. ஆகவே, நாள்பட்ட நோயுடையோர் பலர் கடலில் செல்கின்றனர். கப்பல் மருத்துவரின் பணி கடினமாவதும் இதனால்தான்.

கப்பலேறிய மருத்துவம்

பயணிகள் கப்பலில் மருத்துவர் இருப்பது நெடுங்கால வழக்கம். 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலிலும் மருத்துவர் இருவர் இருந்தனர். இன்று இவ்வழக்கத்திற்குப் பன்னாட்டுச் சட்டத்தின் துணையும் உண்டு. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, நூறு பேருக்குக் குறையாமல் ஏற்றிக்கொண்டு, மூன்று நாளுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணம் செல்லும் கப்பலில் தகுதிபெற்ற மருத்துவர் ஒருவர் இருத்தல் வேண்டும். இந்தியா இவ்வுடன்படிக்கையை 2015இல் ஏற்றது. இது கப்பல் தொழிலாளர்களின் நலனுக்காக எழுந்த விதி. பயணிகளும் அதனால் பயன்பெறுகின்றனர்.

மருத்துவர் இல்லாத சரக்குக் கப்பல்களின் நிலை வேறு. அவற்றுக்கு வானொலியே மருத்துவரை அழைத்து வந்தது. 1935இல் உரோம் நகரில் பன்னாட்டு வானொலி மருத்துவ மையம் தொடங்கப்பட்டது. கம்பியில்லாத் தந்தியால் புகழ்பெற்ற மார்க்கோனி அதன் முதல் தலைவரானார். எந்த நாட்டுக் கப்பலாயினும், கட்டணமின்றி, கரையிலிருந்து அங்குள்ள மருத்துவர்கள் அறிவுரை வழங்கினர். இன்று செயற்கைக்கோள் வழியாகக் கப்பல் மருத்துவர் கரையிலுள்ள வல்லுநரிடம் நேரில் பேசுவதற்கு இதுவே முன்னோடி.

சொகுசுக் கப்பல்கள் பெருகிய காலத்தில், அமெரிக்க அவசரநிலை மருத்துவர்கள் கல்லூரி என்னும் அமைப்பு, கப்பல் மருத்துவ அறைகள் எப்படி அமையவேண்டும் என்று வழிகாட்டு நெறிகளை வகுத்தது. பெரிய கப்பல் நிறுவனங்கள் பல அவற்றைப் பின்பற்றுகின்றன.

உள்ளவையும் இல்லாதவையும்

இத்தகைய கப்பலின் மருத்துவ அறை பெரும்பாலும் கீழ்த்தளங்களில் ஒன்றில் அமைந்திருக்கும். கடல் கொந்தளிக்கும்போது மேல்தளங்களைவிட அங்கு ஆட்டம் குறைவு. நோயாளியைப் படுக்கையோடு கரைக்கு இறக்குவதும் எளிது. இதய மின்வரைபடம் எடுக்கும் ஈ.சி.ஜி. கருவி, நின்றுபோன இதயத்தை மின்னதிர்வால் இயக்க முயலும் கருவி, செயற்கைச் சுவாசக் கருவி, எக்ஸ்ரே, அடிப்படை இரத்தப் பரிசோதனை ஆகியவை அங்கு உள்ளன. தீவிரச் சிகிச்சைக்கெனத் தனிப் படுக்கையும் உண்டு. நாளின் எந்நேரமும் மருத்துவரையோ செவிலியரையோ அழைக்கலாம்.

இல்லாதவற்றையும் அறிதல் வேண்டும். மூளையின் உள்ளே இரத்தம் கசிகிறதா என்று காட்டும் சி.டி. ஸ்கேன் பொதுவாகக் கப்பலில் இல்லை. அடைபட்ட இதயக் குழாயைத் திறக்கும் ஆய்வகம் இல்லை. கரையில் உள்ளது போன்ற இரத்த வங்கி இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்க்கு இரத்தச் சுத்திகரிப்பு வசதி, அதற்கென முன்கூட்டியே ஏற்பாடு செய்த சில பயணங்களில் மட்டுமே கிடைக்கும். எதிர்பாராமல் நேரும் நோய்க்கு முதற்சிகிச்சை அளித்து, நிலையைச் சீராக்கி, கரையிலுள்ள மருத்துவமனையிடம் ஒப்படைக்கும் வரை உயிரைக் காத்து வைத்திருப்பதே அந்த அறையின் பணி.

ஹெலிகாப்டர் இருக்கிறதே என நாம் எண்ணலாம். ஆனால் அது பறந்து திரும்பக்கூடிய தொலைவுக்கு ஓர் எல்லை உண்டு. கரையிலிருந்து சில நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அது வந்து மீள இயலாது. காற்றும் மழையும் மிகுந்தால் அருகிலும் வர இயலாது. ஆடும் கப்பலிலிருந்து நோயாளியைக் கயிற்றில் தூக்குவதும் அவருக்கு ஓர் இடரே. எனவே, கப்பலின் திசையைத் திருப்பி அருகிலுள்ள துறைமுகத்திற்கு விரைவதே பலமுறை நல்ல வழியாகிறது.

யார் பொறுப்பு?

கப்பல் மருத்துவர் தவறினால் பொறுப்பேற்பவர் யார் என்னும் வினாவும் நெடுங்காலம் இருந்தது. அமெரிக்க நீதிமன்றங்கள் பல, மருத்துவர் தம் தொழிலைத் தாமே நடத்துபவர், கப்பல் நிறுவனம் அவருடைய மருத்துவ முடிவுகளில் தலையிட இயலாது, எனவே நிறுவனத்திற்குப் பொறுப்பில்லை என்று கருதிவந்தன. 2011இல் பெர்முடா தீவில் நின்ற கப்பலின் முதிய பயணி ஒருவர் கரையில் விழுந்து தலையில் அடிபட்டார். கப்பலின் மருத்துவ அறையில் அவருக்குத் தக்க பரிசோதனை உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. சில நாள்களில் அவர் இறந்தார். அவருடைய மகள் வழக்குத் தொடுத்தார். 2014இல் அமெரிக்காவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, கப்பல் நிறுவனம் தானே மருத்துவ அறையை அமைத்து, தானே ஊழியரை அமர்த்தி, தன் சீருடையை அணிவித்து நடத்துகையில், அவர்களின் கவனக்குறைவுக்குத் தானும் பொறுப்பாக நேரலாம் என்று கூறி, வழக்கை நடத்த வழிவிட்டது. ஒரு முதியவரின் மரணத்தை முன்வைத்து, பழைய கருத்தொன்று மறுஆய்வு செய்யப்பட்டது.

மருந்து தீர்ந்த கப்பல்

2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானின் யோக்கோகாமா துறைமுகத்தில் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பல் தனிமைப்படுத்தப்பட்டது. அதில் 2,666 பயணிகளும் 1,045 ஊழியர்களும் இருந்தனர். பயணிகளுள் பெரும்பாலோர் முதியவர். கப்பலில் இருந்தோருள் 712 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. இச்செய்தி உலகறிந்தது. ஆனால் அக்கப்பலில் எழுந்த மற்றொரு நெருக்கடி அவ்வளவாகப் பேசப்படவில்லை.

பயணம் முடியும் நாளைக் கணக்கிட்டு மருந்து கொண்டுவந்த முதியவர்களுக்கு, மேலும் இரண்டு வாரம் அறைக்குள் இருக்கவேண்டும் என்றபோது மாத்திரைகள் தீரத் தொடங்கின. சர்க்கரை நோய்க்கும், இரத்த அழுத்தத்திற்கும், இதய நோய்க்கும் அன்றாடம் உண்ணவேண்டிய மருந்துகள் அவை. மருந்து போதவில்லை என்று எழுதிய கொடியொன்று அறையின் முகப்பில் தொங்கியது. கரையிலிருந்து மருந்துகளை வரவழைத்து, யாருக்கு எது, எவ்வளவு என்று பிரித்து, அறை அறையாகக் கொடுப்பது பெரும்பணியாயிற்று. ஒரே மருந்து நாட்டுக்கு நாடு வெவ்வேறு வணிகப் பெயரில் விற்கப்படுகிறது. எனவே, மருந்தின் வேதிப்பெயரை எழுதி வைத்திருந்தவர்க்கு அது எளிதில் கிடைக்க வாய்ப்பிருந்தது.

இவற்றையெல்லாம் அறிந்தபின், அப்பாவின் பயணத்தைத் தடுக்கவேண்டியதில்லை, ஆயத்தம் செய்யவேண்டும் என்று முடிவு செய்தோம். அவருடைய இதய மருத்துவரிடம் ஒப்புதல் பெற்றோம். பயணக் காலத்தைப்போல் இருமடங்கு நாளுக்கான மருந்தைக் கைப்பையில் வைத்தோம். நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பொருந்துவதில்லை. கப்பலின் மருத்துவ அறையிலும் கட்டணம் உண்டு. ஆதலால், முன்பே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதிப் பயணக் காப்பீடு எடுத்தோம். நோய்கள், மருந்துகளின் வேதிப்பெயர், அளவு, ஒவ்வாமை, செய்துகொண்ட சிகிச்சை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, அண்மையில் எடுத்த ஈ.சி.ஜி.யின் நகலை அதனுடன் இணைத்தேன். அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆசிரியர் வீட்டில் பிறந்தால் மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் கப்பலேற முடியாது போலிருக்கிறது" என்று சிரித்தார்.

பினாங்கை நோக்கி மீண்டும்

பினாங்கைப் பகலில் கண்டோம். அப்பா தாத்தாவின் கடை இருந்த தெருவைத் தேடிக் கண்டுபிடித்தார். மறுநாள் புக்கெட். அன்று மாலை கப்பல் சிங்கப்பூர் நோக்கிப் புறப்பட்டது.

எங்களுக்கு அடுத்த அறையில், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த முதிய தம்பதியர் இருந்தனர். சிங்கப்பூரில் வேலைபார்க்கும் மகன் அவர்களை அழைத்து வந்திருந்தார். உணவு மேசையில் அறிமுகமானோம். நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவில் அந்த அம்மா எங்கள் கதவைத் தட்டினார். கணவருக்கு நெஞ்சில் பாரம், உடலெல்லாம் வியர்வை. சக்கர நாற்காலியுடன் செவிலியர் வந்துவிட்டார். அம்மாவுக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாததால் நானும் உடன் இறங்கினேன். சற்று நேரத்தில் மகனும் வந்து சேர்ந்தார்.

மருத்துவர் தென்னாப்பிரிக்கர். ஈ.சி.ஜி. எடுத்தார். மாரடைப்பின் அறிகுறி தெரிந்தது. பழைய ஈ.சி.ஜி. உண்டா என்றார், இல்லை. என்ன மருந்து உண்கிறார் என்றார். "வெள்ளை மாத்திரை ஒன்று, சிறிய மஞ்சள் மாத்திரை ஒன்று" என்றார் அம்மா. செயற்கைக்கோள் தொலைபேசியில் கரையிலுள்ள இதய வல்லுநரிடம் மருத்துவர் பேசினார். மருத்துவமனையை அடையப் பல மணி நேரம் ஆகும் நிலையில், இதயக் குழாயில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றலாம் என்றனர். அதை ஏற்றுமுன் சில வினாக்கள் கேட்டாக வேண்டும். அண்மையில் பக்கவாதம் வந்ததா? அறுவை நடந்ததா? எங்கேனும் இரத்தம் கசிந்ததா? மகன் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றே விடையளித்தார். அவர் அறிந்தது அவ்வளவுதான்.

அம்மா என் கையைப் பற்றி ஓரமாக அழைத்துச் சென்றார். "டீச்சர், அவனுக்குத் தெரிய வேண்டாம். போன மாதம் இவருக்கு வயிற்றில் இரத்தம் போய் நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை பதறுவான் என்று சொல்லவில்லை" என்றார். நான் அதை உடனே மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். மகன் அருகில்தான் நின்றிருந்தார். தாயை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

மருத்துவர் எடுத்து வைத்திருந்த மருந்தைத் திரும்ப உள்ளே வைத்தார். கட்டியைக் கரைக்கும் மருந்து, ஆறாத வயிற்றுப் புண்ணிலும் இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடும். அதைக் கடலில் நிறுத்துவது அரிது என்று விளக்கினார். வேறு மருந்துகளால் நிலையைச் சீராக்கியபடி, கப்பல் தலைவரிடம் பேசினார். கப்பல் திட்டத்தில் இல்லாத நிறுத்தமாகப் பினாங்கை நோக்கி விரைந்தது. விடியும்வரை செவிலியர் ஒருவர் படுக்கையருகிலேயே இருந்தார். விடியலில் துறைமுகத்திற்கு வெளியே சிறு படகொன்று கப்பலை அணைந்தது. முதியவரும் மனைவியும் மகனும் அதில் இறங்கினர். காலை உணவின்போது, சிங்கப்பூர் சேரத் தாமதமாகிறதே என்று பயணிகள் சிலர் குறைகூறுவதைக் கேட்டேன். ஏன் தாமதம் என்பதை அவர்கள் அறியார்.

பினாங்கில் அவருக்கு இதயக் குழாய் திறக்கப்பட்டது என்றும், பத்து நாள்களுக்குப் பின் ஊர் திரும்பினார் என்றும் தம்பி வழியாகப் பின்னர் அறிந்தேன்.

சொல்லத் தயங்கும் முதுமை

அந்த அம்மாவை நான் குறைகூறமாட்டேன். நம் வீடுகளில் முதியவர்கள் நோயை மறைப்பது அன்பினால். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக்கூடாது, அவர்களின் வேலை கெடக்கூடாது, கிடைத்த பயணம் தடைபடக்கூடாது என்று எண்ணிப் பேசாதிருக்கின்றனர். கரையில் இருக்கும்போது அந்த மௌனத்தை ஈடுசெய்யப் பல வழிகள் உள்ளன. பழைய கோப்பைத் தேடி எடுக்கலாம். குடும்ப மருத்துவரைக் கேட்கலாம். ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். கடலில் இவை ஒன்றும் இல்லை. அங்கே மருத்துவரின் அறிவுக்கு அடுத்தபடியாக உதவுவது, நோயாளியைப் பற்றி அவரிடம் சொல்லப்படும் உண்மைதான். அன்றிரவு ஒரு கருவியும் காட்டாததை அந்த அம்மாவின் இரண்டு வாக்கியங்கள் காட்டின.

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சொகுசுக் கப்பற்பயணம் தொடங்கியது. தமிழகத்து முதியவர்கள் இனி மேலும் பலர் கடலேறுவர். அவர்களை வயதைக் காட்டித் தடுப்பது முறையன்று. கடலைக் காணும் ஆசைக்கு வயது வரம்பு இல்லை. கப்பல் நிறுவனம் நல்ல மருத்துவ அறையை நடத்தவேண்டும். சட்டம் அதைக் கண்காணிக்கவேண்டும். பயணியின் குடும்பமும் தன் பங்கைச் செய்தல் வேண்டும்.

அந்தப் பங்கைச் செய்ய மாணவர்களாகிய உங்களால் இயலும். உங்கள் வீட்டிலும் தாத்தா பாட்டியின் மருந்துச் சீட்டுகள் ஒரு பையில் கலந்து கிடக்கும். மாத்திரை அட்டையின் சிறிய ஆங்கில எழுத்தை அவர்களால் படிக்க இயலாது, உங்களால் இயலும். அருகில் அமர்ந்து, எந்த மாத்திரை எதற்கு, எப்போது மருத்துவமனையில் இருந்தார்கள், எது ஒத்துக்கொள்ளாது என்று பொறுமையாகக் கேளுங்கள். முதல் கேள்விக்கே எல்லாவற்றையும் சொல்லிவிடமாட்டார்கள். சொல்லும் வரை அருகில் இருங்கள். கேட்டதை ஒரு தாளில் எழுதி, நாளும் இட்டு, அவர்களின் பையில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் வையுங்கள். அந்தத் தாளை எழுதுவதற்குக் கப்பற்பயணம் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.